ஏடிஹெச்டி உள்ள குழந்தைக்குத் தனியார் பள்ளி: சேர்க்கைக்கு முன் பெற்றோர் அறிய வேண்டியவை என்ன?

புனே மாவட்டத்தின் தொழில் நகரமான பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ எனப் பல்வேறு பாடத்திட்டங்களில் தனியார் பள்ளிகள் இயங்கி வருகின்றன. இங்குள்ள வாகன உற்பத்தி ஆலைகளிலும், அருகிலுள்ள ஹிஞ்சவடி தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலும் பணிபுரிவதற்காகத் தமிழகம் உள்ளிட்ட பிற மாநிலங்களிலிருந்து குடிபெயரும் குடும்பங்களுக்கு, வீடு தேடுவதைவிடப் பள்ளி தேடுவதே பெரிய கவலை. குழந்தைக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு-மிகை இயக்கக் குறைபாடு இருப்பது கண்டறியப்பட்டிருந்தால், அந்தக் கவலை மேலும் கூடுகிறது.

‘அனைவரையும் உள்ளடக்கிய கல்வி’ என்ற வாசகம் இன்று பெரும்பாலான தனியார் பள்ளிகளின் விளம்பரக் கையேட்டில் இடம்பெறுகிறது. ஆனால், அந்த வாசகம் அன்றாட வகுப்பறையில் என்னவாகச் செயல்படுகிறது என்பது பள்ளிக்குப் பள்ளி மாறுபடும். மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின் பட்டியலில் ஏடிஹெச்டி பெயர் குறிப்பிடப்படாததால், பள்ளி தானாக முன்வந்து செய்யும் ஏற்பாடுகளே குழந்தையின் கல்வியைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. எனவே, சேர்க்கைக்கு முன் எதைக் கேட்பது, எதைப் பார்ப்பது, எதை எழுத்து வடிவில் பெறுவது என்பது முக்கியத்துவம் பெறுகிறது. இது குறித்த விளக்கம்:

ஏடிஹெச்டி என்பது என்ன?

இது மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு குறைபாடு. குழந்தையின் சோம்பலோ, பெற்றோரின் வளர்ப்புக் குறையோ இதற்குக் காரணம் அல்ல. கவனத்தை நிலைநிறுத்துவது, ஓரிடத்தில் அமர்ந்திருப்பது, உந்துதலைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றில் வயதுக்கு ஏற்ற திறன் அமையாமல் இருப்பதே இதன் அடையாளம். கவனக்குறைவு மேலோங்கிய வகை, மிகை இயக்கமும் அவசரச் செயல்பாடும் மேலோங்கிய வகை, இரண்டும் கலந்த வகை என மூன்றாக இது பிரிக்கப்படுகிறது.

2013-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். குறைந்தது 6 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூழல்களில் காணப்பட வேண்டும். ஆகவே, ஆசிரியர் மட்டும் புகார் கூறுவதோ, வீட்டில் மட்டும் சேட்டை செய்வதோ இக்குறைபாட்டை உறுதிசெய்யப் போதாது. குழந்தைகள் நல மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர் போன்ற தகுதி பெற்றவர்களின் மதிப்பீடு அவசியம்.

கோவை மாவட்டத்தில் 4 பள்ளிகளைச் சேர்ந்த 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், 11.32 சதவீதத்தினரிடம் ஏடிஹெச்டி இருப்பது கண்டறியப்பட்டது. உலக அளவிலான ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடுகள் இந்த விகிதத்தை ஏறத்தாழ 5 சதவீதமாகக் கணிக்கின்றன. எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், 40 குழந்தைகள் உள்ள வகுப்பில் சராசரியாக இரண்டு பேருக்காவது இக்குறைபாடு இருக்கக்கூடும். ‘எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட குழந்தைகளே இல்லை’ என்று ஒரு நிர்வாகம் கூறினால், அவர்கள் அடையாளம் காணப்படவில்லை அல்லது வெளியேறிவிட்டனர் என்றே பொருள்கொள்ள இடமுண்டு.

பிறந்த மாதமும் கவனிக்கத்தக்கது

வகுப்பில் மிக இளைய குழந்தையின் இயல்பான துறுதுறுப்பு சில வேளைகளில் ஏடிஹெச்டி எனத் தவறாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சுட்டிக்காட்டியது. செப்டம்பர் 1-ஆம் தேதியைச் சேர்க்கைக்கான வயது வரம்பு நாளாகக் கொண்ட மாகாணங்களில், ஆகஸ்டில் பிறந்த குழந்தைகளுக்கு, செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 34 சதவீதம் அதிகமாக ஏடிஹெச்டி கண்டறியப்பட்டிருந்தது.

மகாராஷ்டிரத்தில் டிசம்பர் 31-ஆம் தேதியை வைத்து 1-ஆம் வகுப்புக்கான 6 வயது கணக்கிடப்படுகிறது. இதனால் ஆண்டின் இறுதி மாதங்களில் பிறந்த குழந்தை, வகுப்பிலேயே மிக இளையவராக அமைய வாய்ப்புள்ளது. வேறு மாநிலத்திலிருந்து வரும் குடும்பங்கள், குழந்தையை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை மருத்துவருடனும் பள்ளியுடனும் கலந்து பேசி முடிவுசெய்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இல் 21 வகைக் குறைபாடுகள் பட்டியலிடப்பட்டுள்ளன. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு ஆகியவை அதில் உள்ளன. ஏடிஹெச்டி தனியாக இடம்பெறவில்லை. இதனால், ஏடிஹெச்டி மட்டுமே உள்ள குழந்தைக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெறுவதும், அதன் அடிப்படையில் சலுகை கோருவதும் எளிதாக இல்லை. ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளில் கணிசமானோருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே காணப்படுகிறது. அத்தகையோர் அந்தப் பிரிவின்கீழ் சான்றிதழ் கோரலாம்.

அதேவேளையில், இதே சட்டம் மாற்றுத்திறனாளி என்பதற்குப் பரந்த பொருள்கொண்ட ஒரு வரையறையையும் தருகிறது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சூழலில் உள்ள தடைகளால், ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தடுக்குமானால், அவர் அந்த வரையறைக்குள் வருகிறார். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு எதிராக விகாஷ் குமார் தொடுத்த வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோலை எட்டியவர்களுக்கு மட்டுமே தேர்வில் எழுத்து உதவியாளர் என்று சுருக்க முடியாது எனத் தெளிவுபடுத்தியது. தனிநபரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாட்டைச் செய்து தருவது கடமை என்பதே அத்தீர்ப்பின் சாரம். அது எழுதும்போது கை இறுகும் பாதிப்பு உள்ள தேர்வர் ஒருவர் குறித்த வழக்கு. ஏடிஹெச்டி பற்றியது அல்ல. எனினும், பள்ளியிடம் ஏற்பாடுகளைக் கோரும் பெற்றோருக்கு அதன் வாதம் துணைநிற்கக் கூடியது.

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பின்வரும் பிரிவுகள் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகள் பயிலும் தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும்:

* பிரிவு 13: சேர்க்கையின்போது குழந்தைக்கோ பெற்றோருக்கோ நுழைவுத் தேர்வு, நேர்காணல் போன்ற வடிகட்டும் முறைகள் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த மீறல்களுக்குத் தலா 50,000 ரூபாய் வரையும் அபராதம் விதிக்கலாம்.

* பிரிவு 16: தொடக்கக் கல்வி, அதாவது 8-ஆம் வகுப்பு முடியும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 5 மற்றும் 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க மாநிலங்கள் அனுமதிக்கலாம் என்றாலும், நீக்குவதற்கான தடை தொடர்கிறது.

* பிரிவு 17: உடல் ரீதியான தண்டனையும் மன ரீதியான துன்புறுத்தலும் தடை செய்யப்பட்டுள்ளன.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2014-ல் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருப்பதால், தேர்வு செய்யும் பள்ளி எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும்.

பள்ளியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

‘ஏடிஹெச்டி உள்ள குழந்தைகளைச் சேர்ப்பீர்களா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘ஆம்’ என்றே பதில் கிடைக்கும். அதனால் பயன் இல்லை. நடைமுறையை வெளிக்கொணரும் கேள்விகளே உதவும்.

1. சிறப்பாசிரியர் முழு நேரப் பணியில் உள்ளாரா? இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா? அப்பதிவு இல்லாமல் சிறப்பாசிரியராகப் பணியாற்றுவது 1992-ஆம் ஆண்டு மன்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. எனவே, பதிவு எண்ணைக் கேட்பதில் தயக்கம் தேவையில்லை.

2. அவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள்? தொடக்கநிலையில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை, ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்சநீதிமன்றம் குறிப்பிட்டது. பள்ளியின் பதிலை ஒப்பிட இது ஓர் அளவுகோல்.

3. குழந்தைக்கெனத் தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுமா? யார் எழுதுவார்? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை அது பரிசீலிக்கப்படும்? வேறொரு குழந்தையின் திட்டத்தை, பெயரையும் அடையாளங்களையும் மறைத்து, மாதிரியாகக் காட்ட முடியுமா?

4. கடந்த ஆண்டு பாடம் நடத்திய ஆசிரியர்களில் எத்தனை பேர் இவ்வாண்டும் தொடர்கின்றனர்? ஆசிரியர் மாறும்போது குழந்தை பற்றிய தகவல் புதியவருக்கு எவ்வாறு கைமாறுகிறது?

5. ஒரு குழந்தை வகுப்பில் கத்தினால் அல்லது எழுந்து வெளியே ஓடினால் முதல் 5 நிமிடங்களில் ஆசிரியர் என்ன செய்வார்? இக்கேள்விக்கு முதல்வர் தரும் பதிலும் வகுப்பாசிரியர் தரும் பதிலும் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கவனிக்க வேண்டும்.

6. ‘ஷேடோ டீச்சர்’ எனப்படும் தனி உதவியாளரைப் பள்ளி கட்டாயமாக்குமா? அவருக்கான ஊதியத்தை யார் ஏற்பது? பெற்றோரே ஏற்க வேண்டும் எனில், கல்விக் கட்டணத்துடன் அதையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

7. மேல்வகுப்புகளில் தேர்வுச் சலுகைகளுக்கு விண்ணப்பித்த அனுபவம் பள்ளிக்கு உண்டா?

வகுப்பறையில் பார்க்க வேண்டியவை

நீச்சல் குளமோ, குளிரூட்டப்பட்ட அறைகளோ ஏடிஹெச்டி உள்ள குழந்தைக்கு உதவும் பள்ளியை அடையாளம் காட்டுவதில்லை. பள்ளி அனுமதித்தால், வேலை நாள் ஒன்றில் அரை மணி நேரம் வகுப்பறை அருகிலும், இடைவேளையில் விளையாட்டுத் திடலிலும் நின்று பார்ப்பது அதிகம் சொல்லும்.

ஆசிரியர் ஒரே மூச்சில் நான்கைந்து கட்டளைகளைக் கூறுகிறாரா, அல்லது ஒவ்வொன்றாகக் கூறிக் கரும்பலகையிலும் எழுதுகிறாரா? கவனம் சிதறும் குழந்தை ஜன்னலோரக் கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டுள்ளதா, ஆசிரியரின் பார்வைக்கு அருகில் உள்ளதா? நோட்டுகளைச் சேகரிப்பது, பலகையைத் துடைப்பது எனச் சற்று எழுந்து நடமாட வாய்ப்பு தரப்படுகிறதா? தவறைச் சுட்டும்போது வகுப்பு முழுவதும் கேட்கப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, மேசை அருகே சென்று தாழ்ந்த குரலில் நினைவூட்டுகிறாரா? இவை செலவில்லாத ஏற்பாடுகள். ஆனால், பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் மட்டுமே இவை வழக்கமாகக் காணப்படும்.

தண்டனையாக விளையாட்டு நேரத்தைப் பறிக்கும் வழக்கம் உள்ளதா என்பதையும் கேட்டறிய வேண்டும். உடல் இயக்கம் அதிகம் தேவைப்படும் குழந்தையிடமிருந்து அதையே பறிப்பது, அடுத்த பாடவேளையை மேலும் கடினமாக்கும்.

நாள்தோறும் இரண்டு அல்லது மூன்று எளிய இலக்குகளை ஆசிரியர் குறித்தனுப்பி, வீட்டில் பெற்றோர் பாராட்டும் ‘தினசரி அறிக்கை அட்டை’ முறை பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. அமெரிக்கா, கனடாவில் 579 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1999-ல் வெளியான பெரிய சிகிச்சை ஆய்விலும், பள்ளி சார்ந்த நடத்தைப் பயிற்சியின் ஒரு பகுதியாக இம்முறை இடம்பெற்றது. இதைத் தொடர்ந்து செய்ய ஒரு பள்ளி ஒப்புக்கொள்கிறதா என்பது அதன் ஈடுபாட்டை அளக்க எளிய வழி.

மொழிச் சுமையும் பயண நேரமும்

மகாராஷ்டிரத்தில் 2020-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அனைத்துப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. வீட்டில் தமிழும், வகுப்பில் ஆங்கிலமும், திடலில் இந்தியும், பாடமாக மராத்தியும் என ஒரே நேரத்தில் நான்கு மொழிகளைக் கையாளும் குழந்தைக்குக் கவனக்குறைபாடும் இருந்தால் சுமை பெரிது. புரியாத மொழியில் பாடம் நடக்கும்போது கவனம் சிதறுவதையும், ஏடிஹெச்டியால் சிதறுவதையும் பிரித்தறிய ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மராத்தியைப் புதிதாகக் கற்கும் குழந்தைக்குப் பள்ளி தொடக்கநிலைப் பயிற்சி அளிக்கிறதா, மதிப்பீட்டில் என்ன அணுகுமுறை பின்பற்றப்படுகிறது என்பவற்றை முன்கூட்டியே கேட்பது நல்லது.

தொலைவும் கவனத்தில் கொள்ள வேண்டிய ஒன்று. புகழ்பெற்ற பள்ளி எனக் கருதிப் புனே நகரின் மறுகோடிக்கு அனுப்பினால், பேருந்தில் செல்லும் நேரம் தூக்கத்தையும் விளையாட்டையும் குறைக்கும். பேருந்தில் ஆசிரியர் மேற்பார்வை இல்லாத நேரத்தில் சண்டை, கேலி போன்றவை நிகழவும் வாய்ப்பு அதிகம். வீட்டுக்கு அருகிலுள்ள, நடுத்தரமான, ஆனால் ஒத்துழைக்கும் பள்ளி பல வேளைகளில் மேலானதாக அமையலாம்.

மறைப்பதா, சொல்வதா?

இடம் மறுக்கப்படுமோ என்ற அச்சத்தால் மருத்துவ அறிக்கையை மறைக்கும் பெற்றோர் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றது அல்ல. ஆனால், தெரிவிக்காத தேவைக்குப் பள்ளி ஏற்பாடு செய்ய இயலாது. சில வாரங்களில் குழந்தை ‘அடங்காதவர்’ என்ற பெயரைப் பெற்றுவிடக்கூடும். குழந்தைக்கு எது கடினம், எது எளிது, எந்த உத்தி பலன் தந்தது, எதில் ஆர்வம் அதிகம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மருத்துவ அறிக்கையுடன் தருவது உதவும். அந்தத் தாளைப் பெற்றுக்கொள்ளும் பள்ளி அதை வாசித்துக் கேள்விகள் கேட்கிறதா, கோப்பில் செருகிவிடுகிறதா என்பதே முதல் சோதனை.

குழந்தை மருந்து உட்கொண்டால் அதையும் தெரிவிப்பது நல்லது. ஏடிஹெச்டிக்குப் பரவலாகப் பரிந்துரைக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்தால் பசி குறைவது பொதுவான பக்கவிளைவு. மதிய உணவு டப்பா தொடப்படாமல் திரும்பினால் ஆசிரியர் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். பிடிவாதம் எனக் கருதித் திட்டக் கூடாது.

எச்சரிக்கை அறிகுறிகள்

* குறைபாட்டின் பெயரைக் கேட்டவுடன் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்று கூறுவது.

* பிரச்சினை ஏற்பட்டால் குழந்தையை அழைத்துச் செல்வதாக முன்கூட்டியே உறுதிமொழிக் கடிதம் கேட்பது.

* மருந்து கொடுத்தால்தான் சேர்ப்போம் என்றோ, மருந்தை நிறுத்தினால்தான் சேர்ப்போம் என்றோ நிபந்தனை விதிப்பது. அது மருத்துவரும் பெற்றோரும் எடுக்க வேண்டிய முடிவு.

* ‘ஆறு மாதத்தில் முழுமையாகக் குணப்படுத்திவிடுவோம்’ என வாக்குறுதி அளிப்பது.

* ‘நாங்கள் எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துவோம்’ எனப் பெருமையாகக் கூறுவது. சமமாக நடத்துவது வேறு. ஒரே மாதிரி நடத்துவது வேறு.

சேர்ந்த பிறகு, மாற்றுச் சான்றிதழ் கோரிப் பெற்றோரே விண்ணப்பிக்குமாறு வாய்மொழியாக அழுத்தம் தரப்படுவதும் உண்டு. சட்டப்படி 8-ஆம் வகுப்பு வரை நீக்க முடியாது என்ற நிலையில், ‘சுயவிருப்பம்’ என எழுதித் தரும் கடிதம் அந்தப் பாதுகாப்பைப் பலவீனமாக்கிவிடும். அவசரத்தில் கையொப்பமிடாமல், காரணத்தை எழுத்து மூலம் கேட்பதே பாதுகாப்பானது.

தேர்வுச் சலுகைகளும் சான்றிதழும்

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், எழுத்து உதவியாளர், சில மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு போன்ற சலுகைகளைச் சிபிஎஸ்இ வழங்குகிறது. 3 மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடங்கள் கூடுதலாக அளிக்கப்படுகின்றன. மகாராஷ்டிர மாநில வாரியமும் கற்றல் குறைபாடு உள்ளோருக்குச் சலுகைகள் அளித்து வருகிறது. இவற்றுக்குச் சான்றிதழ் அவசியம்.

2018 ஜனவரி 4-ஆம் தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கையில், கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் 8 வயதில்தான் முதன்முறையாக வழங்கப்படும் என வகுக்கப்பட்டிருந்தது. பின்னர் 14 மற்றும் 18 வயதில் மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டும் என்றும் அது கூறியது. அதற்கு முன்னர், 1 மற்றும் 2-ஆம் வகுப்புகளில், சான்றிதழ் இல்லாமலேயே உதவத் தயாராக உள்ள பள்ளிதான் குழந்தைக்குப் பயன்படும். பெற்றோர் மருத்துவ அறிக்கைகள், தேர்வுத்தாள்கள், ஆசிரியர் குறிப்புகள், மின்னஞ்சல்கள் ஆகியவற்றைத் தொடக்கம் முதலே தேதிவாரியாகப் பாதுகாத்தால் பிற்காலத்தில் விண்ணப்பிப்பது எளிதாகும்.

வழக்கமான பள்ளி முற்றிலும் பொருந்தாத நிலை ஏற்பட்டால், தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் ஒரு மாற்று வழி. அதில் 10, 12-ஆம் வகுப்புப் பாடங்களை ஒவ்வொன்றாக எழுதி, 5 ஆண்டுகளுக்குள் முடிக்கலாம்.

தகராறு ஏற்பட்டால் யாரை அணுகுவது?

முதலில் வகுப்பாசிரியர், பிறகு முதல்வர், அதன்பின் பள்ளி நிர்வாகக் குழு என எழுத்து மூலம் முறையிட வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் கல்வி அலுவலரிடம் புகார் அளிக்கலாம். மகாராஷ்டிர மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரின் அலுவலகம் புனே நகரிலேயே அமைந்திருப்பது சிஞ்ச்வட் குடும்பங்களுக்கு வசதியானது. தண்டனை, துன்புறுத்தல் தொடர்பான புகார்களை மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு அனுப்பலாம்.

சேர்க்கையுடன் தேர்வு முடிந்துவிடுவதில்லை. முதல் பருவம் முடியும்போது, ஒப்புக்கொண்ட ஏற்பாடுகளில் எவை நடைமுறையில் உள்ளன என்பதைப் பள்ளியுடன் அமர்ந்து சரிபார்க்க வேண்டும். மதிப்பெண்ணுடன் வேறு சிலவற்றையும் கணக்கில் கொள்ளலாம். காலையில் பள்ளிக்குக் கிளம்பக் குழந்தை மறுக்கிறதா, நண்பர் ஒருவரின் பெயரையாவது வீட்டில் சொல்கிறதா, ஆசிரியரிடமிருந்து வரும் செய்திகளில் புகார் தவிர வேறு ஏதேனும் இருக்கிறதா என்பவை, தேர்ந்தெடுத்த பள்ளி பொருத்தமானதா என்பதை மதிப்பெண் பட்டியலுக்கு முன்பே தெரிவித்துவிடும்.